சுல்தான் பொங்கல் தின்ற நாள்

குதிரைப் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கச்சிமாரே,

சேணம் கட்டவும் லாடம் பார்க்கவும் உங்களைப் பழக்குவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் என்னைவிட வடிவாகப் பழக்குவார்கள். ஆகவே அந்தப் பக்கம் நான் போகவில்லை. பொலிஸ் சேவையின் கடைசிப் பன்னிரண்டு வருடத்தைக் குதிரை முதுகில் கழித்துவிட்டு, போன வருடம் சார்ஜன்டாக ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பன்னிரண்டு வருடத்தில் எனக்கு மிஞ்சியது ஒரு முதுகுவலியும் ஒரு கதையும். முதுகுவலி உங்களுக்கும் வரும், அவசரப்பட வேண்டாம். கதையை மட்டும் சொல்கிறேன். அது நான் விட்ட பிழையைப் பற்றியது. சரியாகச் சொன்னால் இரண்டு பிழை. முதலாவதை ஊரே அறியும். இரண்டாவதை அந்த நிலையத்துக்கு வெளியில் இதுவரை நான் சொன்னதில்லை.

கொடிகாமத்துக்கு அப்பால் உள்ள ஒரு சின்னப் பொலிஸ் நிலையத்துக்கு எங்களை அனுப்பினார்கள். இரண்டு குதிரை, இரண்டு பேர். காரணம் மாட்டுக் கள்ளர். அங்கே தென்னங்காணிகளுக்கும் பனை வடலிகளுக்கும் நடுவே எல்லாம் மணல் ஒழுங்கைகள். ஜீப் போனால் புதையும். புதையாவிட்டாலும் அதன் சத்தம் கள்ளனுக்கு முதலே போய்ச் சொல்லிவிடும். குதிரைக்கு இந்த இரண்டு குறையும் இல்லை. சுல்தான் என்ற கபில நிறக் குதிரை என்னிடம் இருந்தது. மோகினி என்ற வெள்ளைக் குதிரை ஜயந்த என்ற கான்ஸ்டபிளிடம் இருந்தது. ஜயந்த குருநாகல் பக்கத்துப் பிள்ளை. வரும்போது தமிழில் ஒரு சொல்லும் தெரியாது.

ஊர் எங்களைக் கண்டதும் படலையைச் சாத்தியது. அதற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. நானும் தென்மராட்சியில் பிறந்தவன்; அந்தக் காரணத்தை எனக்கு ஒருவரும் விளங்கப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் என்னைக் கண்டால் இன்னும் ஒரு இறுக்கு இறுக்கிச் சாத்துவார்கள். எங்கடை ஆளே இந்த உடுப்பைப் போட்டிருக்கிறானே என்ற கோபம் அது.

முதல் சிரிப்பு கொடிகாமச் சந்தையில்தான் கிடைத்தது. நான் சுல்தானின் முதுகில் இருந்தபடி யாரோடோ கதைத்துக்கொண்டிருக்க, அது கழுத்தை நீட்டி ஒரு மனுசியின் குவியலில் இருந்து ஒரு பிடி பயிற்றங்காயை இழுத்துவிட்டது. "ஐயோ, பொலிஸ் களவெடுக்குது!" என்று அவர் கத்தினார். சந்தை சிரித்தது. அடுத்த நொடி, என்ன சொல்லிவிட்டோம் என்று அவரே வாயைப் பொத்தினார். நான் இறங்கி, சுல்தானின் இரண்டு முன்னங்கால்களையும் சேர்த்துப் பிடித்து, "கள்ளனைப் பிடிச்சிட்டன், அம்மா" என்றேன். இரண்டாம் தரமும் சிரித்தார்கள். இந்த முறை ஒருவரும் வாயைப் பொத்தவில்லை.

அதன்பிறகு ஊர் கதைக்கத் தொடங்கியது. எங்களோடு அல்ல, குதிரையோடு.

"சுல்தானார், மெலிஞ்சு போனியள் போலை கிடக்கு. உங்கடை ஐயா வடிவாத் தீன் போடுறேல்லையோ?" என்று படலைக்கு மேலால் கேட்பார்கள். என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். ஜயந்த தமிழ் பழகியது இவர்கள் குதிரையோடு கதைத்ததைக் கேட்டுத்தான். அதனால் அவன் தமிழில் எல்லாவற்றுக்கும் 'ஆர்' போடுவான். காகம் அவனுக்குக் காகத்தார்.

போகப் போக, சுகம் விசாரிப்பதோடு நிற்காமல் வேறு சங்கதிகளும் குதிரையின் காதில் விழத் தொடங்கின. ஒரு நாள் விடியப்புறம் ரோந்து போகையில், ஊர்க்காரர் வேலுப்பிள்ளை அண்ணை தன் வேலியைக் கட்டியபடியே சொன்னார். "சுல்தானார், குளத்தடி வடலிக்குள்ளை ஒரு சிவலைப் பசு கட்டிக் கிடக்குதாம். பாவம், தண்ணிவென்னி இல்லாமல்." நான் கேளாதவன் மாதிரி பனையின் உச்சி வட்டைப் பார்த்துக்கொண்டு போனேன். அந்தப் பசு அங்கேதான் நின்றது. பொலிசுக்குத் தகவல் சொன்னவன் என்ற பெயர் அந்த ஊரில் ஒருவருக்கும் வேண்டாம். குதிரைக்குச் சொன்னால் அது தகவல் ஆகாது. இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். 'கிடைத்த தகவலின்படி' என்று நிலையத்துப் பதிவுப் புத்தகத்தில் எழுதினேன். தகவல் தந்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சுல்தானின் பெயரைத்தான் கொடுத்திருப்பேன்.

அந்தச் சிவலைப் பசு சிவகாமி அக்காவுடையது. நிலையத்துக்கு நாலு வீடு தள்ளி இருந்தவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், தனி ஆள். பசுவைத் திரும்ப வாங்க வந்தவர் நிலையத்துப் படலையோடு நின்றுவிட்டார். "சேர், இஞ்சை கொண்டந்து தாங்கோ" என்றார். உள்ளே வந்து ஒரு கையெழுத்து வைக்க வேண்டும் என்றேன். அவர் அசையவில்லை. புத்தகத்தைப் படலைக்குக் கொண்டுபோய்த்தான் கையெழுத்து வாங்கினேன். பிறகு வேலுப்பிள்ளை அண்ணை எனக்குச் சொன்னார்; அதாவது சுல்தானுக்குச் சொன்னார். வேறொரு காலத்தில், வேறொரு பொலிஸ் நிலையத்தில், காணாமல் போன புருசனை விசாரித்து அவர் மாதக்கணக்கில் போய் வந்தாராம். ஒவ்வொரு முறையும் நாளைக்கு வரச் சொன்னார்களாம். அதன்பிறகு எந்தப் பொலிஸ் நிலையத்தின் வாசலையும் அவர் மிதித்ததில்லை.

இனி என் முதலாவது பிழைக்கு வருகிறேன்.

தைப்பொங்கலுக்கு மறுநாள் பட்டிப் பொங்கல். மாடுகளைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, பொங்கலை அவற்றுக்கு ஊட்டுவார்கள். அந்த வருடம் காலையில் நிலையத்துப் படலையடியில் ஆரவாரம் கேட்டது. போய்ப் பார்த்தால் ஏழெட்டு வீட்டார் வாழையிலையில் பொங்கலோடும் கதலிப் பழச் சீப்போடும் நிற்கிறார்கள். முன்னுக்கு நின்றவர் சிவகாமி அக்கா.

"எங்கடை மாட்டைக் காத்தவர். அவரை விட்டிட்டு என்னெண்டு பட்டிப் பொங்கல் பொங்குறது?" என்றார், வேறு யாரைப் பார்த்து, சுல்தானைப் பார்த்துத்தான்.

வெளியார் கொடுக்கும் தீனைக் குதிரைக்குக் கொடுக்கக் கூடாது. இது முதல் நாளே உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்கள். குதிரை மாடு மாதிரி அசை போடாது. வயிற்றில் போனது ஒத்துவராவிட்டால் வாந்தியும் எடுக்காது. எனக்கு இவ்வளவும் தெரியும். மற்றவர்களுக்கு இதைப் பழக்கியவனே நான். ஆனால் அந்தச் சனம் தானாக, சிரித்த முகத்தோடு, ஒரு பொலிஸ் நிலையத்தின் வாசலுக்கு வந்து நின்றதே! வேண்டாம் என்று சொன்னால் இந்த முகங்கள் வாடிவிடும், நாளைக்கு மறுபடி படலை சாத்தப்படும் என்று பயந்தேன். சுல்தானை நானே பிடித்துக்கொண்டு படலைக்குப் போனேன். சிவகாமி அக்கா நெற்றியில் பொட்டு வைத்தார். இலையோடு பொங்கலை நீட்டினார். பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு. சுல்தான் ஒருவரையும் மனம் நோகவிடவில்லை. மோகினி மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பியது. "மோகினியாருக்கு இனிப்பு விருப்பமில்லை" என்று ஜயந்த எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டான். அங்கே நின்றவர்களில் புத்தி இருந்தது மோகினிக்கு மட்டும்தான்.

மத்தியானம் கழிந்ததும் சுல்தான் முன்னங்காலால் நிலத்தைக் கிண்டத் தொடங்கியது. திரும்பித் திரும்பித் தன் வயிற்றைப் பார்த்தது. உடம்பெல்லாம் வேர்வை. படுத்தது, எழும்பியது, மறுபடி படுத்து உருளப் பார்த்தது. வயிற்றுக்குத்து. குடல் முறுகினால் அதோடு சரி.

மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்தேன். என்னைவிட இருபது வயது இளைய பெண். பொங்கலுக்கு மானிப்பாயில் தன் வீட்டுக்குப் போயிருந்தார்.

"ஸ்கூட்டியிலைதான் வரோணும். ஒரு மணித்தியாலத்துக்கு மேலை பிடிக்கும். அதுவரைக்கும் அவரை உருள விடாதேங்கோ அண்ணை. மெல்ல மெல்ல நடத்துங்கோ. வாயாலை ஒண்டும் குடுக்கக் கூடாது" என்றார். பிறகு, "என்ன தின்னக் குடுத்தனீங்கள்?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் ஏசவில்லை. "வாறன்" என்று மட்டும் சொன்னார். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

நானும் ஜயந்தவும் சுல்தானை வளவுக்குள் நடத்திக்கொண்டிருந்தபோது நிலையத்தின் பொறுப்பதிகாரி வந்தார். அவர் கெட்ட மனிதர் அல்ல. வந்து இரண்டு மாதம்தான். ஊரும் தெரியாது, பாசையும் தெரியாது. குதிரைக்கு ஒன்று நடந்தால் மேலிடத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். சிங்களத்தில் கேட்டார்.

"யாரோ நஞ்சு வைத்திருக்கிறார்கள். மாட்டுக் கள்ளர்களுக்கு இந்தக் குதிரைமேல் கோபம் இருக்கிறது. காலையில் வெளியார் ஏதாவது கொடுத்தார்களா?"

அப்போது நான் சொன்னது என்ன தெரியுமா? "தெரியாது சேர். விசாரிக்கிறேன்."

இதுதான் என் இரண்டாவது பிழை. அடுத்த மாதம் எனக்குப் பதவி உயர்வுக்கான நேர்முகம் இருந்தது. கவனயீனத்தால் பொலிஸ் குதிரை செத்தது என்று ஒரு வரி எழுதப்பட்டால் அது அவ்வளவுதான். இரண்டு சொல் என் வாயிலிருந்து தானாக விழுந்தது. பக்கத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜயந்த என்னைத் திரும்பிப் பார்த்தான்.

பொறுப்பதிகாரி வாசல் காவலரின் பதிவைப் பார்த்தார். காலையில் வந்தவர்களில் முதல் பெயர் சிவகாமி. "இந்தப் பெண்ணைக் கூட்டி வந்து வாக்குமூலம் எடு. ஜீப்பைக் கொண்டு போ" என்று ஜீப் திறப்பை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனார்.

நினைத்துப் பாருங்கள். பட்டிப் பொங்கலன்று, அந்த ஒழுங்கையில், அந்த மனுசியின் வீட்டு வாசலில் பொலிஸ் ஜீப் போய் நிற்கிறது. நஞ்சு வைத்த குற்றம். திறப்பு என் உள்ளங்கையில் இருந்தது. போகவும் மனமில்லை, உள்ளே போய் உண்மையைச் சொல்லவும் துணிவில்லை. குதிரையை விட்டுவிட்டுப் போக முடியாது என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டு சுல்தானை நடத்தினேன். வளவைச் சுற்றி எத்தனை முறை நடந்தேன் என்று தெரியாது. வேலிக்கு வெளியே காலையில் கேட்ட மாட்டுச் சலங்கை ஒன்றும் இப்போது கேட்கவில்லை. பொலிஸ் குதிரைக்கு யாரோ நஞ்சு வைத்துவிட்டார்களாம் என்ற கதை எப்படியோ வெளியே போயிருந்தது. படலைகள் சாத்தப்பட்டுவிட்டன. இப்படியே அரை மணித்தியாலம் போனது.

அப்போது நிலையத்துப் படலை திறந்த சத்தம் கேட்டது. சிவகாமி அக்கா. காலையில் உடுத்த அதே சேலை. வழமையாக நிற்கும் இடத்தில் ஒரு கணம் நின்றார். பிறகு காலை எடுத்து உள்ளே வைத்தார். நேரே வளவுக்குள் நடந்து வந்தார். சுல்தான் தலையைத் தூக்கிப் பார்த்தது. அவர் அதன் பக்கத்தால் போய் எனக்கு முன்னால் நின்றார்.

"தம்பி," என்றார். அதுவரை நான் அவருக்குச் சேர். "இண்டைக்குச் சுல்தானாருக்குச் சொல்ல வரேல்லை. உங்களுக்குத்தான் சொல்ல வந்தனான். பொங்கலை முதல் குடுத்தது நான்தான். என்ரை கையாலை குடுத்தனான். மற்றச் சனத்தை விடுங்கோ. என்ரை பேரை எழுதுங்கோ."

குரல் நடுங்கவில்லை. கைதான் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தது.

பிள்ளைகளே, நான் வெட்கப்பட்டேன். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். உடுப்பும் பட்டியும் தொப்பியுமாக நான் நிற்கிறேன். எனக்கு இல்லாத துணிவு இந்த மனுசிக்கு எங்கிருந்து வந்தது?

கயிற்றை ஜயந்தவிடம் கொடுத்தேன். "அக்கா, என்னோடை வாங்கோ" என்று அவரைப் பொறுப்பதிகாரியின் மேசைக்குக் கூட்டிப் போனேன். ஜீப் திறப்பை மேசையில் வைத்தேன்.

"சேர், பொங்கலைக் கொடுத்தவர் இவர். கொடுக்கவிட்டவன் நான். பொங்கல் குதிரைக்குக் கூடாது என்று இவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்."

"சற்று முன்னர் தெரியாது என்றாயே?"

"பயந்துவிட்டேன் சேர்."

அவர் திறப்பைத் தன் பக்கம் இழுத்து வைத்தார். பிறகு சிவகாமி அக்காவைப் பார்த்து, தனக்குத் தெரிந்த நாலு தமிழ்ச் சொல்லைப் பொறுக்கி, "அம்மா பயம் இல்லையா?" என்று கேட்டார்.

"பயம்தான் சேர். பயமில்லாட்டி முந்தியே வந்திருப்பன்."

நான் மொழிபெயர்த்தேன். பொறுப்பதிகாரி எழும்பி ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அக்கா அதில் இருக்கவில்லை. "இருக்க வரேல்லை. உவருக்கு என்ன செய்யலாம் எண்டு சொல்லுங்கோ" என்று சன்னலுக்கு வெளியே நின்ற சுல்தானைக் காட்டினார்.

பொறுப்பதிகாரி புத்தகத்தை மூடினார். "முதலில் குதிரையைப் பாருங்கள். எழுதுவது ஓடிப் போகாது" என்றார்.

உள்ளே போன மனுசி திரும்பி வரவில்லை என்று கண்ட ஊர் வெளியே கூடிவிட்டது. முதலில் உள்ளே வந்தவர் வேலுப்பிள்ளை அண்ணை. கையில் ஒரு போத்தல்.

"நல்லெண்ணெயும் பெருங்காயமும். பருக்கி விட்டால் சரி. என்ரை நாம்பன் மாட்டுக்கு இதுதான் கை கண்டது."

"அண்ணை, இவர் மாடில்லை. உது மூச்சுக்குழலுக்கை போனால் சரி, முடிஞ்சுது."

"அப்ப சும்மா நிண்டு பாக்கிறதே?"

"இல்லை. நடக்கோணும்."

நடந்தார்கள். சிவகாமி அக்கா கயிற்றைப் பிடித்து ஒரு பக்கம், ஜயந்த மறுபக்கம். அவர்கள் களைத்தபோது வேலுப்பிள்ளை அண்ணை. பிறகு பயிற்றங்காய் மனுசி. அவர் எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. "வாங்கோ ராசா, இன்னும் ஒரு சுத்து" என்று கோயில் வீதியைச் சுற்றுகிற மாதிரிப் பொலிஸ் வளவைச் சுற்றினார்கள். காலையில் படலைக்கு வெளியே நின்ற அத்தனை பேரும் இப்போது உள்ளே நின்றார்கள். அதை அவர்களும் கவனிக்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

டொக்டர் வந்ததும் ஊசி போட்டார். மூக்கு வழியாகக் குழாயை இறக்கினார். அதன் மறுநுனியை மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "நஞ்சும் இல்லை, ஒண்டும் இல்லை. ஏலக்காயும் சர்க்கரையும் நல்லா மணக்குது. ஆர் பொங்கினது?" சிவகாமி அக்கா அழத் தொடங்கினார். டொக்டர் குழாய்க்குள் எண்ணெய் விட்டார். மேலும் நடத்தச் சொன்னார். இனிச் சாணம் போட்டால் பிழைத்தது, போடாவிட்டால் சொல்ல முடியாது என்றார்.

வெயில் சரிந்தது. அத்தனை பேரும் ஒரு குதிரையின் வாலைப் பார்த்துக்கொண்டு நின்றோம். பொறுப்பதிகாரியும் நின்றார். சுல்தான் சட்டென்று நின்றது. வாலைத் தூக்கியது. போட்டது.

"அரோகரா!" என்று யாரோ கத்தினார்கள். ஊரே திருப்பிக் கத்தியது. ஜயந்த இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிவிட்டான். என்ன நடக்கிறது, ஏன் கும்பிடுகிறீர்கள் என்று பொறுப்பதிகாரி அவனைக் கேட்டார். அவன் அழுதுகொண்டே தமிழில் பதில் சொன்னான்: "சாணத்தார் வந்திட்டார் சேர்."

அன்று பின்னேரம் புத்தகத்தில் நானே எழுதினேன். குதிரையின் நோய்க்குக் காரணம் என் கவனயீனம் என்றும், கேட்டபோது உடனே உண்மை சொல்லவில்லை என்றும் இரண்டையும் எழுதினேன். பொறுப்பதிகாரி வாசித்துக் கையொப்பம் வைத்தார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. பதவி உயர்வு அந்த முறை போயிற்று. பிறகும் வரவில்லை. அது எனக்குச் சரியான தண்டனைதான், முறையிட ஒன்றுமில்லை. ஆனால் குதிரைகள் அந்த நிலையத்திலேயே இருக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியவரும் அதே பொறுப்பதிகாரிதான்.

அடுத்த பட்டிப் பொங்கலுக்கு ஊர் மறுபடி வந்தது. ஒவ்வொருவர் கையிலும் ஒரு கட்டு அறுகம்புல், டொக்டர் சொன்ன அளவுக்கு. படலையடியில் நின்று கட்டுகளைப் பார்த்துப் பார்த்து உள்ளே விட்டவர் சிவகாமி அக்கா. என் கையில் வாழையிலையை வைத்து, "பொங்கல் உங்களுக்கு, தம்பி. அவருக்குப் புல்லுத்தான்" என்றார். நான் சாப்பிட்டு முடியும்வரை பக்கத்தில் இருந்து, தன் புருசனைப் பற்றி முதல் தடவையாக எனக்குச் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைப் புத்தகத்தில் முறையாகப் பதிய விருப்பமா என்று கேட்டதற்கு, யோசித்துவிட்டு, ஓம் என்றார். அந்த முறைப்பாடு இன்னும் முடியவில்லை. ஆனால் அது பதியப்பட்டிருக்கிறது, அதன் ஒவ்வொரு கடிதத்துக்கும் பதில் போயிருக்கிறது. நாளைக்கு வாங்கோ என்று ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை.

உங்களில் இரண்டு பேர் அந்த நிலையத்துக்குப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். சந்தோசம். உங்கள் குதிரைக்கும் ஊர் 'ஆர்' போட்டு அழைக்கும். உங்கள் முகத்தைப் பார்க்காமல் குதிரையோடு கதைக்கும். கோபிக்காதீர்கள், பனை வட்டைப் பார்த்துக்கொண்டு காதை மட்டும் கொடுங்கள். அந்தப் படலைக்கும் மேசைக்கும் இடையில் இருபது அடி இருக்கும். அதைக் கடக்கச் சிலருக்குப் பல வருடம் எடுக்கும். ஒரு நாள் யாராவது குதிரையைத் தாண்டி உங்களிடம் வருவார்கள். குதிரையில் இருந்தால் இறங்குங்கள். நீங்கள் சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால், அவர்கள் வந்து சேரும் முன்னரே சொல்லிவிடுங்கள். நான் அரை மணித்தியாலம் பிந்திவிட்டேன்.